ஷாயிர்குல்லின் பன்னிரண்டாம் பக்கம்

உலகத்தில் சமூகவியல் என்று ஒரு படிப்பு இருப்பதற்கே காரணம், கராகோல் ஊரின் பாப்லர் மரத் தெருவில் முடி வெட்டுகிற ஷாயிர்குல்தான். அவள் சுருள் வைத்துவிட்ட தலைகளைப் பார்த்துத்தான் இஸ்ஸிக்-குல் ஏரி அலையடிக்கக் கற்றுக்கொண்டது. அவள் கத்தரிக்கோலைத் திறக்கும் சத்தம் கேட்டால் மலையுச்சிப் பனி, தன் முறை வந்துவிட்டதா என்று கழுத்தை நீட்டும். நம்பாதவர்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். பாதியாவது உண்மை என்பார்கள்.

கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ஒரு கண்ணாடி, ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. நாற்காலி பல் ஆஸ்பத்திரி ஒன்று கழித்துப் போட்டது. அதனாலோ என்னவோ, அதில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தானாக வாயைத் திறந்துவிடுவார்கள். யார் வீட்டில் நிலக்கரி தீர்ந்தது, யார் மருமகள் மாஸ்கோவில் தரை துடைத்துக்கொண்டே இங்கே ஆபீஸ் வேலை என்று சொல்லியனுப்புகிறாள், பல் வரிசையாக இல்லாததால் யாருக்கு வங்கி வேலை தவறியது, எல்லாம் ஷாயிர்குல் காதில் விழும். காதில் விழுந்தது கடையைத் தாண்டாது. அந்த நம்பிக்கையில்தான் தெரு அவளிடம் தலையைக் கொடுத்தது.

செப்டம்பரில் பெர்மெத் வந்து இறங்கினாள். தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுப்பவள். பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் ஷாயிர்குல்லுடன் ஒரே பெஞ்சு. பெர்மெத்துக்குத் தினமும் பின்னல் போட்டுவிட்டவள் ஷாயிர்குல்; ஷாயிர்குல்லுக்குத் தினமும் கணக்குப் போட்டுக் கொடுத்தவள் பெர்மெத். பிறகு ஒருத்தி படிக்கப் போனாள். இன்னொருத்தி அம்மாவின் நோய்க்குக் காவலிருந்தாள். அதற்கப்புறம் இருபது வருஷமாக ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கராகோலிலிருந்து பிஷ்கெக்குக்கு ஒரு ஜாடி ராஸ்பெரி ஜாம் போய்க்கொண்டிருந்தது.

"இந்தத் தடவை ஜாமைத் தேடி நீயே வந்துட்டியா?" என்று ஷாயிர்குல் கட்டிக்கொண்டாள்.

"உன் தெருவைத் தேடி வந்திருக்கேன்டி. அழகைப் பத்தி ஆராய்ச்சி. ஊரு யாரை அழகுன்னு சொல்லுது, அவங்களுக்கு வேலை, கல்யாணம், மரியாதை எல்லாம் எப்படி வந்து விழுது, மத்தவங்க எங்கே நிக்கிறாங்க, இதெல்லாம்."

"இதுக்கு ஆராய்ச்சி வேறயா? என் கடையில ஒரு மணி நேரம் உக்காரு. புட்டுப் புட்டு வைக்கிறேன்."

"நீ சொன்னா அது வம்பு. நான் கட்டம் போட்டு எழுதினா அது ஆய்வு."

இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

தெரு சிரிக்கவில்லை. பை நிறையத் தாளுடன் வருகிறவர்களைத் தெருவுக்குத் தெரியும். வந்து போனால் ஏதாவது ஒரு சலுகை நின்றுபோகும். முதல் நாள் ஒரு கதவும் திறக்கவில்லை. பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டொக்டோபூபு ஜன்னல் வழியாகவே பேசினாள்.

"நிலக்கரி உதவியை வெட்டத்தானே வந்திருக்கா? அந்தக் கண்ணாடியும் கழுத்துத் துணியும் பாத்தாலே தெரியுது."

"டொக்டோபூபு எஜே, இவ என் பெஞ்சுக்காரி," என்று அக்கா முறை வைத்துச் சொன்னாள் ஷாயிர்குல். "உங்களைக் கொறச்சு ஒரு எழுத்து எழுத மாட்டா. எழுதினா என்னை வந்து கேளுங்க. என் கையால தலையைத் தொட விடாதீங்க."

முடி வெட்டுகிறவள் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய முடியாது. கதவு திறந்தது. ஒன்று திறந்ததும் மற்றப் பத்தும் திறந்தன.

அதற்குப் பிறகு தெரு ஆய்வுக்குத் தயாரான விதம் இருக்கிறதே! பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வரும்போது வாத்தியார்கள் ஓடுவார்களே, அப்படி. கேள்வி கேட்க ஒருத்தி வருகிறாள் என்றால் பரிசோதிக்க வருகிறாள் என்றுதான் அர்த்தம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் முறைக்கு முந்தின நாள் சாயங்காலமே பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் வந்து விழுந்தாள். ஒருத்திக்குச் சாயம், ஒருத்திக்குச் சுருள், புருவம் எல்லோருக்கும். சந்தையில் குளிர் நூடுல்ஸ் விற்கிற பக்கத்து வீட்டு ஹாலிமா, புருவத்தோடு நிற்காமல் அலமாரியையும் நோட்டம் விட்டாள்.

"அந்த நீலக் கோப்பை செட்டு, தங்கப் பூப் போட்டது... நாளைக்கு ஒரு நாள் குடேன்."

"எடுத்துட்டுப் போ. டீ கெட்டில் மூடியில ஒரு விள்ளல் இருக்கு. அந்தப் பக்கத்தை உன் பக்கமா வச்சுக்கோ."

கோப்பைகள் போனவை போனவைதான். ஹாலிமா வீட்டிலிருந்து வேலி தாண்டி அடுத்த வீடு, அங்கிருந்து அதற்கடுத்த வீடு. பெர்மெத் முன்வாசலில் செருப்பைக் கழற்றும்போது கோப்பைகள் பின்தோட்டத்து வழியாக உள்ளே வரும். நாலாவது வீட்டில் பெர்மெத் கேட்டேவிட்டாள்:

"இந்தத் தெருவுல எல்லாரும் ஒரே கடையில கோப்பை வாங்குவீங்களோ?"

"ஆமாம்மா," என்றாள் அந்த வீட்டுக்காரி. "ரொம்ப நல்ல கடை."

எல்லா வீட்டிலும் மேஜை நிறைய வைத்தார்கள். பொரித்த மாவுருண்டை, பாலேடு, உலர்ந்த பாதாமி. புறப்படும்போது ரொட்டியை நீட்டினார்கள். பெர்மெத் எல்லா வீட்டிலும் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, வாழ்த்திவிட்டுத்தான் வெளியே வந்தாள். படித்துவிட்டாலும் வழக்கத்தை மறக்கவில்லை என்று தெரு மெச்சியது. கதவைச் சாத்திய பிறகு அவள் பாப்லர் மரத்தடியில் நின்று பென்சிலால் இன்னும் கொஞ்சம் எழுதியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்தவர்களுக்கு எழுத ஏதாவது இருந்துகொண்டே இருக்கும்.

கடைசி வீடு ஷாயிர்குல்லுடையது. அன்று காலை ஒரு கல்யாணப் பெண்ணுக்குச் சாயம் போட்டு முடித்திருந்தாள். கை நகமெல்லாம் கறுப்பு. தன் தலையை ஒரு பழைய துணியில் கட்டியிருந்தாள். கோப்பைகள் டொக்டோபூபு வீட்டில் இருந்தன. பெர்மெத் திரும்பி வந்து சரிபார்த்தாலும் பார்ப்பாள் என்று டொக்டோபூபு திருப்பித் தர மறுத்துவிட்டாள். ஷாயிர்குல்லுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே படவில்லை. பெர்மெத்துக்கு முன்னால் என்ன வேஷம்? காது உடைந்த குவளையில் டீ ஊற்றி வைத்தாள்.

"ஒரு பெண்ணுக்கு அழகு எதனால வருது?" பெர்மெத் படிவத்தைப் பார்த்துப் படித்தாள். "ஒண்ணு, பிறப்பு. ரெண்டு, பணம். மூணு, பராமரிப்பு. நாலு, சொல்ல விருப்பமில்லை."

"தூக்கம்," என்றாள் ஷாயிர்குல்.

"அது பட்டியல்ல இல்லைடி."

"பட்டியல் போட்டவங்க நல்லாத் தூங்குறவங்களா இருக்கும். என் நாற்காலியில உக்கார்றவங்க முகத்தைப் பாரு. ரெண்டு வேலை பாக்குறவ முகத்துக்கு நான் என்ன பூசினாலும் மறுநாள் உதிர்ந்துடும். எட்டு மணி நேரம் தூங்குறவளுக்கு நான் ஒண்ணும் பூச வேண்டாம்."

பெர்மெத் நாலைச் சுழித்தாள்.

முடித்த படிவங்களை அவள் ஒரு பையில் போட்டுக் கடையில், சாயப் பெட்டிகளுக்கு மேலே வைத்தாள். பை மூன்று நாள் அங்கேயே இருந்தது. நாலாம் நாள் காலை, பெர்மெத் சந்தைக்குப் போயிருந்த நேரம், ஷாயிர்குல் செம்பட்டைச் சாயத்துக்குக் கையை நீட்ட, பை சரிந்து தாளெல்லாம் தரையில் பரவிவிட்டது. கீழே வெட்டின முடி. பதறிப்போய் ஒவ்வொன்றாக ஊதி, எண் பார்த்து அடுக்கினாள். அப்போதுதான் ஒவ்வொரு படிவத்திலும் இருந்த பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள். தலைப்பில், இந்தப் பக்கத்தை வீட்டுக்காரரிடம் காட்டக் கூடாது, வெளியே வந்த பிறகு நிரப்ப வேண்டும் என்று போட்டிருந்தது.

அதன் கீழே மூன்று வரி. வெளித்தோற்றம், ஒன்றிலிருந்து ஐந்துக்குள். வீட்டின் நிலை, ஒன்றிலிருந்து ஐந்துக்குள். சமூகத் தட்டு: மேல், நடு, கீழ்.

ஹாலிமா, தோற்றம் நாலு, வீடு நாலு, நடு. டொக்டோபூபு, தோற்றம் நாலு, வீடு ஐந்து, நடு. ஷாயிர்குல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நாலுகளை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் எந்தச் சாயம், எத்தனை நிமிஷம் என்றுகூட அவளால் சொல்ல முடியும். ஐந்து, அவளுடைய கோப்பைகள்.

பன்னிரண்டாவது படிவத்தைத் திருப்பினாள். தோற்றம் இரண்டு. வீடு இரண்டு. கீழ்.

தோற்றத்துக்குப் போட்ட இரண்டைச் சுற்றி மட்டும் ரப்பரால் தேய்த்த அழுக்குத் தடம் இருந்தது. அழித்துவிட்டு மேலே ஏதோ போடப் பார்த்து, பாதியில் விட்டமாதிரி. பென்சில் அழுத்தமாக இருந்ததால் இரண்டு போகவில்லை. ஷாயிர்குல் அந்தத் தடத்தையே வெகுநேரம் பார்த்தாள். எழுதிய கை கொஞ்சம் தயங்கியிருக்கிறது. அவ்வளவாவது இருந்திருக்கிறது.

பெர்மெத் ஆப்பிள் பையோடு உள்ளே வந்தாள். தாளைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"அதை நீ பாத்திருக்கக் கூடாது."

"நீ எழுதியிருக்கக் கூடாது."

"அது உன்னைப் பத்தி இல்லைடி. முறை அப்படி. அந்த ஒரு மணி நேரத்துல கண்ணுக்குப் பட்டதை மட்டும்தான் எழுதணும். தெரிஞ்சதை எழுதக் கூடாது."

"கோப்பை என்னோடதுன்னு உனக்குத் தெரியாதா?"

"ரெண்டாவது வீட்லயே தெரிஞ்சுபோச்சு. உன் அலமாரியில பாத்த அதே மூடி விள்ளல். ஆனா அந்த நேரத்துல அது அவங்க மேஜையில இருந்துது."

"அவங்க தலை?"

"அவங்க தலையில இருந்துது."

"என் கை கறுப்பா இருந்தது யாரு தலையால?"

பெர்மெத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எனக்குத் தெரிஞ்சவங்கறதுக்காக உனக்கு அஞ்சு போட்டா, அப்புறம் இந்த ஆய்வுல எதுதான் உண்மை? அழகா இருக்கிறவங்களுக்கு எல்லாம் கிடைக்குது, உழைக்கிறவங்களுக்கு அழகா இருக்கவே நேரம் இல்லை. அதைக் காட்டத்தான் இத்தனையும். உன்னோட ரெண்டுதான் அதை நிரூபிக்கப் போகுது. உன் நல்லதுக்குத்தான் அந்த ரெண்டு."

"என் நல்லதுக்கு," என்றாள் ஷாயிர்குல். "பத்து வருஷம் உனக்குப் பின்னல் போட்டேன். இருபது வருஷம் ஜாம் அனுப்பினேன். இந்தத் தெருவுக்கு உனக்காகச் சத்தியம் பண்ணினேன். எல்லாரும் உனக்காக வேஷம் போட்டாங்க. நீ நம்ம ஆளாச்சேன்னு நான் ஒருத்திதான் போடலை. எனக்கு மட்டும் ரெண்டு."

பெர்மெத் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். ரப்பர் தடத்தைப் பற்றி மட்டும் ஷாயிர்குல் கேட்கவில்லை. கேட்டு, அவள் இல்லையென்று சொல்லிவிட்டால்? கையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். தன் பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டாள். மற்றத் தாள்களையெல்லாம் ஓரம் தட்டி, நேராக்கி, பையில் வைத்துக் கொடுத்தாள்.

மத்தியான வண்டிக்கு பெர்மெத் புறப்பட்டாள். ஷாயிர்குல் ரொட்டியை நீட்டவில்லை. பெர்மெத் வாசலில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

தெருவிடம் போய் என்ன சொல்வது? உங்களுக்கும் மார்க் போட்டிருக்கிறாள் என்றா? நாலும் ஐந்தும் என்று தெரிந்தால் டொக்டோபூபு அதைச் சட்டம் போட்டு மாட்டிவிடுவாள். செய்த சத்தியம் கெடவில்லை. தெருவில் யாரையும் பெர்மெத் குறைத்து எழுதவில்லை. சத்தியம் கேட்கத் தோன்றாதவள் ஒருத்திதான் ஏமாந்தவள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் தன் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே ஷாயிர்குல் வாயைத் திறக்கவில்லை.

"உன் சிநேகிதி ஏன் சொல்லாம போயிட்டா?" என்று ஹாலிமா கேட்டதற்கு, "வேலை முடிஞ்சுது," என்றாள். அந்த வருஷம் ஜாம் ஜாடிகள் எல்லாம் கராகோலிலேயே இருந்தன. ஒன்று மட்டும், பிஷ்கெக் முகவரி எழுதிய காகிதத்தோடு, வாரக்கணக்கில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. அவள் அதை அனுப்பவும் இல்லை, திறக்கவும் இல்லை. அந்தத் தயங்கின கையை நினைத்துத்தான் வைத்திருந்தாள் போலிருக்கிறது.

இவ்வளவையும் நான் எழுதியாயிற்று. ஒருத்தியைப் பற்றி எழுதிவிட்டு அவளுக்குக் காட்டாமல் இருந்தால் அதுவும் பன்னிரண்டாம் பக்கம்தான் என்பதால், பல் ஆஸ்பத்திரி நாற்காலியில், கழுத்தில் துண்டோடு, உரக்கப் படித்துக் காட்டியும் ஆயிற்று. ஏரி அலையடித்த இடத்தில் ஷாயிர்குல் சிரித்தாள். ரொட்டி வந்த இடத்தில் சீப்பைத் துடைத்தாள். படித்து முடித்தபோது கத்தரிக்கோல் காதுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டிருந்தது.

"அந்தத் தாளை நான் அடுப்புல போட்டேன்," என்றாள் மெதுவாக. "ரெண்டுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. ரப்பர் தடத்தை பெர்மெத்கிட்டகூடச் சொல்லலை. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரின் கண்களும் சந்தித்தன.

"பை இங்கே இருந்த மூணு நாளும் முடி வெட்டிக்கணும்னு வந்து நின்னே. வெட்டுறதுக்கு முடியே இல்லாம." கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். "அழிக்கப் பாத்தது அவ இல்லை. நீ."