அப்பா ஒயில் மாற்றியவர்

செத்தவீடு முடிந்து வந்த சனிக்கிழமை, லண்டன் மிச்சம் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில், அப்பாவின் வான் வண்டியைத் திருத்த நின்றவர்கள் அம்மா, அக்கா, நான். வராதவர்கள் சித்தப்பா, மாமா, அந்த வானில் சாமான் ஏற்றி வீடு மாறிய குடும்பங்கள், அதில் ஏறிக் கோயில் தேருக்குப் போய்வந்த சொந்தங்கள். சித்தப்பாவுக்கு ஷிப்ட். மாமாவுக்கு முதுகு நோ. மற்றவர்கள் "சொல்லியிருந்தால் வந்திருப்பமே" என்று பிறகு சொன்னார்கள். சொல்லியிருந்தோம்.

அப்பா மறைந்து இன்றோடு ஓராண்டு. முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் சித்தப்பா அவர்கள் எழுதிய கட்டுரையை வாசித்திருப்பீர்கள். "சிக்கனமே உருவானவர்" என்று அப்பாவைப் புகழ்ந்திருந்தார். செத்தவீட்டில் அம்மாவின் முகத்துக்கு நேரே அவர் சொன்னது அந்த மலரில் இல்லை. அதனால் இந்த முறை நான் எழுதுகிறேன்.

"அண்ணை ஒயில் மாத்தாமல் காசு பார்த்த மனிசன். அதுதான் வான் எஞ்சின் டொக் டொக்கெண்டு அடிக்குது. திருத்த ரெண்டாயிரம் பவுண் போகும், ஆர் போடுறது? ஸ்கிராப்புக்குக் குடுங்கோ அண்ணி."

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அம்மா கேட்டது ஒன்றுதான். அப்பாவின் அஸ்தி அப்பாவின் வானில் கடலுக்குப் போக வேண்டும்.

"அவர் வாடகைக் காரிலை போகமாட்டார்" என்றார்.

அப்பா இலங்கையில் பளையில் பிறந்தவர். இடம்பெயர்ந்து ஓடியதில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. லண்டனில் முதலில் பெற்றோல் நிலையத்தில் வேலை, பிறகு மரக்கறிக் கடையில் மூட்டை தூக்கல். கடைசியில் அந்தப் பழைய டீசல் வானை வாங்கி, மிச்சம், சட்டன் பக்கத்துக் கடைகளுக்கு விடியுமுன் மரக்கறி இறக்கினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் பல்கலைக்கழகம் போனது அந்த வானின் உழைப்பில்தான். அந்த ஒருவன் நான். அக்கா படிப்பை விட்டுவிட்டு பஸ் டிப்போவில் எஞ்சின் திருத்தும் வேலைக்குப் போனார்.

எஞ்சின் எப்போது அடிக்கத் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். சித்தப்பா புது வீடு வாங்கியதற்கு நேர்த்திக்கடன், தேருக்கு முன் ஆயிரத்தெட்டுத் தேங்காய் உடைப்பதாக. அத்தனை தேங்காயும் அப்பாவின் வானில். அதற்கு மேல் ஆட்களும். நான் மூட்டைகளின் மேல் குந்தியிருந்தேன். கோயிலுக்குப் போகும் வழியில் ஆர்ச்வே ஏற்றத்தில் வானின் அடியிலிருந்து சுத்தியலால் தட்டுவதுபோல் டொக், டொக் என்று ஒரு சத்தம். அப்பா ஓரங்கட்டப் பார்த்தார்.

"எஞ்சின் அடிக்குதடா. பாதியை இறக்கிப்போட்டு ரெண்டு தரமாய் ஏத்துவம்."

"ஐயோ அண்ணை, தேர் வெளிக்கிட்டிடும். பாட்டைக் கூட்டி விடுங்கோ, சத்தம் கேளாது!"

வான் முழுக்கச் சிரித்தது. அப்பா பாட்டைக் கூட்டினார்.

அதன் பிறகு அப்பா "கராஜிலை விடப்போறன்" என்று சொன்ன ஒவ்வொரு கிழமையும் யாருக்கோ வான் தேவைப்பட்டது. சாமத்திய வீட்டுச் சடங்குக்குக் கதிரை. கலியாணத்துக்கு மணவறை. "இந்த ஒருக்கா மட்டும் அத்தான்" என்பார் மாமா. அப்பா இல்லை என்று சொன்னதே இல்லை. அதை நற்குணம் என்பீர்கள். எனக்கு அந்தக் குணத்தின் மீதும் கோபம்தான். ஒரு குளிர்காலை சட்டனில் ஒரு கடை வாசலில், மரக்கறிப் பெட்டியை இறக்கி வைத்த கையோடு அப்பா சரிந்தார். மாரடைப்பு.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அக்கா முதலில் ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார். மட்டம் சரி. பிறகு அம்மாவைச் சாரதி ஆசனத்தில் ஏற்றினார். அம்மா அதில் ஒருநாளும் இருந்தவர் அல்லர்.

"அம்மா, மெல்ல மிதியுங்கோ. ஆ, காணும். அப்பிடியே பிடியுங்கோ."

எஞ்சின் அடித்தது. நாலு சிலிண்டருக்கும் டீசல் கொண்டுபோகும் குழாய்களின் நட்டை அக்கா ஒவ்வொன்றாய்த் தளர்த்திப் பூட்டினார். டீசல் போகாத சிலிண்டர் இழுக்காது. பழுது அதில் இருந்தால் அடியும் அடங்கும். முதலாவதில் மாற்றமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதைத் தளர்த்தியபோது அம்மா கத்தினார்.

"நிண்டிட்டுது பிள்ளை!"

ஒயிலை வடித்தோம். கரிக்கட்டியும் இல்லை, சேறும் இல்லை; ஒழுங்காய் மாற்றி வந்த ஒயில். வானை உயர்த்தி, தாங்கி கொடுத்து, ஒயில் தேங்கும் அடிச்சட்டியைக் கழற்றி அக்கா உள்ளே போனார்.

"படிச்ச துரை, டோர்ச்சை ஒழுங்காய்ப் பிடியடா. என்ரை மூஞ்சையைத் திருத்தவே வந்தனாங்கள்?"

பிஸ்டனின் கம்பி சுழல்தண்டைப் பிடிக்கும் இடத்தில், பிறைபோல் வளைந்த இரண்டு மெல்லிய தகடுகள் இருக்கும். அதுதான் பேரிங். மூன்றாவதின் தகட்டில் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது.

"ஒயில் இல்லாமல் ஓடினதோ?" என்று கேட்டேன். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

"ஒயில் இல்லாட்டில் கருகி நீலமாய்ப் போயிருக்கும். இது கருகேல்லை, நசிஞ்சு தேஞ்சிருக்கு. பாரமடா தம்பி. பாரத்தோடை ஏத்தத்திலை முக்கி முக்கி ஓடினது."

அம்மா அந்தத் தகட்டை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

அக்கா சுழல்தண்டை நகத்தால் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை, தண்டு தப்பியிருந்தது. நாலுக்கும் புதுத் தகடு, புது போல்ட். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவுக்கு அளவுச் சாவியால் இறுக்கினார். புது ஒயில் விட்டு, டீசலை நிறுத்தி வைத்து, ஒயில் எச்சரிக்கை விளக்கு அணையும்வரை எஞ்சினைச் சும்மா சுற்றவிட்டார். அதன் பிறகுதான் ஸ்டார்ட். நாங்கள் மூவரும் காதைக் கொடுத்து நின்றோம். டொக் இல்லை.

முப்பத்தோராம் நாள் அஸ்தியை மடியில் வைத்தபடி அம்மா முன் ஆசனத்தில் கடலுக்கு வந்தார். அக்கா ஓட்டினார். பாட்டுப் போடவில்லை. பின்னால் ஒரு பாரமும் இல்லை. சித்தப்பா தன் காரில் தொடர்ந்து வந்து, கடற்கரையில் "அட, ஓடுதே!" என்றார்.

அந்தப் பழைய தகடு இன்று படையலுக்குப் பக்கத்தில், அப்பாவின் படத்தடியில் இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். அப்பா ஒயில் மாற்றியவர்.

அளவுச் சாவி தந்த அக்காவின் டிப்போ நண்பர்களுக்கும், நாள் முழுக்க எங்கள் சத்தத்தைப் பொறுத்து, கேட்காமலே தேநீர் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெண்மணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செத்தவீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்தவர்களையும் மறக்கவில்லை. வானைத் திருத்துகிற காசை யார் போடுவது என்று கவலைப்பட்டவர்களுக்குக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தகடு, போல்ட், ஒயில், வடிகட்டி, அடிச்சட்டிப் பசை எல்லாம் சேர்த்து நூற்று முப்பத்திரண்டு பவுண்.