கடல் தாண்டினவளுக்கு ஒரு புடவை

எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் முதல் புடவை மணப்பெண்ணுக்கு இல்லை, பூவாடைக்காரிக்கு. பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த வீட்டுப் பெண்ணுக்குப் புடவை, வளையல், மஞ்சள் வைத்துப் படைத்த பிறகுதான் மற்ற வேலை. எங்கள் பூவாடைக்காரி என் தாத்தாவின் பாட்டி. அவள் புருஷனை வெள்ளைக்காரன் அந்தமானுக்குக் கப்பலேற்றினான். அதோடு சேதி நின்றுபோனது. சாவுச் செய்தி வராததால் அவள் கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை.

தறி ஓடாத நேரத்தில் மனுஷன் சும்மா இருக்கலாம். நான் இருக்கவில்லை. அவர் என்ன ஆனார் என்று தேட ஆரம்பித்தேன். சென்னை ஆவணக் காப்பகத்துக்கு நாலு தடவை போனேன், அந்தமானுக்கு எத்தனையோ கடிதம் போட்டேன். என் தம்பி அவரைத் தியாகி என்றே சொல்லிக்கொண்டு திரிந்தான். கிடைத்த முதல் தாளில், சேத்துப்பட்டுப் பக்கம் ஆட்டுத் தகராறில் ஒருவனை அடித்துக் கொன்றவர் என்று இருந்தது. தம்பி அன்றோடு வாயை மூடிக்கொண்டான்.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் முதலில் செத்திருந்தால் அந்த ஆயா சுமங்கலியே இல்லை. பூவாடைக்காரியும் இல்லை. என் பெரியம்மா ஐம்பது வருஷமாக அவளுக்குப் படைக்கிறவள். தலைவலி வந்தால்கூட அவளிடம்தான் முறையிடுவாள். பெரியம்மாவிடம் போய் இதை எப்படிச் சொல்வது? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

படையலுக்கு இரண்டு நாள் முன்பு கடைசித் தாள் மின்னஞ்சலில் வந்தது. தறிமேடையில் உட்கார்ந்து படித்தேன். பிறகு வீட்டுப் பத்திரத்தை எடுத்து, அதில் எழுதியிருந்த ஆயா இறந்த வருஷத்தோடு ஒத்துப் பார்த்தேன். பெரியம்மா வாசற்படியில் வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"இன்னாடா பாத்துகினு கீற? அவரு முன்னாடியே பூட்டாரா?"

"இல்ல பெரியம்மா. ஆயா போயி நாலு வருஷம் கழிச்சுத்தான்."

பெரியம்மா தலைக்கு மேல் கை கூப்பினாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே.

"அங்க இன்னொரு பொம்பளயக் கட்டிகினாரு. அவளும் கைதிதான்."

பெரியம்மா கூப்பிய கையை இறக்கினாள்.

"அவ எப்ப போனா?"

"அவருக்கு முன்னாடியே."

"புள்ளகுட்டி?"

"யாருமில்லன்னு எழுதிகீது."

"அப்ப அவளும் பூவோட போனவதான? ஜல்தி இன்னொரு புடவைக்கு வழி பண்ணு. அவளுக்கு யாரு கீறா படைக்க?"

அன்று தறியிலிருந்து இறங்கியது ஒரு மஞ்சள் புடவை, அரக்குக் கரை. அதையே வைத்தோம். படையலன்று பெரியம்மா முதல் புடவையைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் இதை வைத்தாள். "கோச்சிக்காத தாயே, அவளும் நம்ம வூட்டுப் பொண்ணுதான்" என்றாள். எனக்குக் கண் கலங்கியது. நூறு வருஷத்துக்கு மேலாகத் தொலைந்திருந்த ஒருவரைத் தேடிப் போய் இரண்டு பேரைக் கூட்டி வந்த சந்தோஷம் அது.

படைத்த புடவையைக் கல்யாணப் பெண் உடுத்த வேண்டும். எதைக் கட்டுவது என்று மகள் கேட்டாள். பெரியம்மா யோசிக்கவே இல்லை, மஞ்சளை எடுத்து நீட்டினாள்.

"நம்ம ஆயா எத்தினியோ கல்யாணம் பாத்துட்டா. அந்தமான்காரிக்கு இதான் மொதக் கல்யாணம்."