பெருநாளைக்குக் கழுவிய கடல்

போன வருடம் நோன்பு மாதத்தில், மலைநாட்டுப் பிலிமத்தலாவையில் வீட்டோடு ஒட்டிய என் துணிக்கடையில் நடந்தது இது.

கடலுக்கும் எங்கள் ஊருக்கும் எட்டாத தூரம். எனக்கோ கடல்மீன் பைத்தியம். நீர்கொழும்பிலிருந்து கேன் கேனாகக் கடல்நீர் கொண்டுவந்து, கடைமுகப்பில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் புதிதாக ஒரு ஸ்காலப் சிப்பி வந்து சேர்ந்தது. விசிறி போல வரிவரியான இரண்டு ஓடுகள். விளிம்பு நெடுக கடுகளவு நீலக் கண்கள். நிழல் விழுந்தால் படக்கென்று மூடிக்கொள்ளும். சில நேரம் ஓடுகளைப் பட்பட்டென்று அடித்து நீந்தும். சிப்பி நீந்துமா என்று வந்தவர்கள் வாய்பிளப்பார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

பெருநாள் நெருங்கினால் எங்கள் ஆட்கள் எதையும் கழுவாமல் விடமாட்டார்கள். கதிரை, அலுமாரி எல்லாம் முடிந்ததும் நான் தொட்டியில் கைவைத்தேன். தண்ணீரை வடிகட்டும் பில்டர் பஞ்சைத் தினமும் மாற்றினேன். தண்ணீர் பளிங்காகிவிட்டது. மீன்களுக்குப் போடும் இறால் துண்டைச் சிப்பிக்கும் வைத்தேன்; அது தொடவே இல்லை.

"அதுவும் நோன்பு பிடிச்சீக்கி போல," என்று மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். சில நாட்களில் சிப்பி வாயைப் பிளந்தபடியே கிடந்தது. கையை ஆட்டினாலும் மூடவில்லை. செத்துவிடுமோ என்று மணிக்கொரு தடவை தொட்டியை எட்டிப் பார்த்தேன்.

அன்று திரைச்சீலைத் துணி வாங்க ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் வந்தார். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கடல் உயிரினங்கள் பற்றிப் படிப்பிப்பவராம். தினமும் கழுவியும் இப்படி ஆகிவிட்டதே என்று அவரிடம் புலம்பினேன்.

"அண்ணை, நீங்கள் அழுக்கையோ கழுவினனீங்கள்? அதின்ர சோத்தையெல்லோ கழுவிப்போட்டியள்!"

தண்ணீரில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத பாசித் துணுக்குகளை வடிகட்டித் தின்னும் பிராணியாம் அது. இறாலைக் கடிக்க அதற்குப் பல்லா இருக்கிறது? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் காலையில், தான் வளர்த்த பாசித் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு அவரே பஸ்ஸில் வந்து இறங்கினார். யாரோ ஒருவரின் சிப்பிக்காக! பில்டரை ஒரு மணித்தியாலம் நிறுத்தி ஊற்றச் சொன்னார். பெருநாள் வரும் நேரத்தில் தொட்டி பச்சையாவதைப் பார்த்து மனைவி தலையில் கைவைத்தாள். நான் தினமும் ஊற்றினேன்.

பெருநாளன்று வந்த மச்சான், "என்ன, பெருநாளைக்குமா தொட்டியக் கழுவல்ல?" என்று கிண்டலடித்தபடி குனிந்தார். அவருடைய நிழல் விழுந்ததுதான் தாமதம், சிப்பி பட்பட்டென்று அடித்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே கிளம்பியது. அவர் துள்ளிய துள்ளலில் கையிலிருந்த வட்டிலப்பப் பலகாரம் சட்டையில் கொட்டியது. வீடே சிரித்தது. சிரிப்போடு சேர்ந்து என் கண்ணும் நிறைந்தது.

நான் விரும்பி நோன்பிருந்தேன். மாலையானால் நோன்பு திறக்க எனக்குக் கஞ்சி இருந்தது. அந்த உயிரை நான் அன்போடு பட்டினி போட்டேன். இன்று யாருக்காவது நல்லது செய்யக் கிளம்பினால், உனக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.