அப்பாவுக்காக நான் ருசித்த தண்ணீர்

சாயப்பட்டறைக்காரர்கள் தண்ணீர் விஷயத்தில் கண்ணை நம்ப மாட்டார்கள். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் அண்டாவில் ஊற்றுவார்கள். தண்ணீர் கரித்தால் சோப்பு நுரைக்காது, பட்டுநூலின் பசை போகாது, சாயம் திட்டுத் திட்டாக ஏறும். ஆரணியில் என் அப்பாவின் நாக்கு பேர்போனது. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவர் ஒரு கல்யாணப் பந்தியில் சபதம் செய்துவிட்டார்.

அப்பாவின் அக்காவை, எங்கள் அத்தையை, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் பாலாற்றங்கரையில் ஓர் ஊரில் கொடுத்திருந்தது. அங்கே ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டியிருந்தார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள். எங்கள் பக்கம் மழை பொய்த்து, எங்கள் ஊர் ஆறு மணலாகக் கிடந்தது. இரண்டு மாநிலத்துச் சண்டை பேப்பரில் வரும். டீக்கடை முதல் தறிவீடு வரை எல்லோரும் அந்த அணையைத்தான் திட்டினார்கள். பந்தியில் அத்தை புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஆத்த மடக்கி வச்சிகினு கீறீங்களே மாமா! இனிமே உங்க ஊர்த் தண்ணி ஒரு சொட்டு என் நாக்குல பட்டா நான் மனுசனே இல்ல!”

மாமா குனிந்து ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அடுத்த கோடையில் எங்கள் போர்வெல் கரிக்கத் தொடங்கியது. பக்கத்துப் பட்டறைக்காரர் இன்னும் ஆழமாகப் போட்டார். நாங்கள் அவரைவிட ஆழமாகப் போட்டோம். கரிப்புதான் கூடியது. கல்யாணப் புடவைக்கு வந்த நூலில் அரக்குச் சாயம் இரண்டு முறை திட்டு விழுந்தது. மூன்றாம் முறையும் இப்படி என்றால் வேறு பட்டறைக்குப் போய்விடுவதாக ஜவுளிக்காரர் சொல்லிவிட்டார். எங்களுக்கு இருந்தது அவர் ஒருவர்தான். அத்தை வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறதாம் என்று அம்மா மெல்ல இழுத்தாள். அப்பா காதில் விழாததுபோல எழுந்து போனார்.

மறுநாள் காலை நூல்மூட்டையோடு என்னையும் கூட்டிக்கொண்டு அத்தை ஊருக்கு பஸ் ஏறினார். நான் எதற்கு என்று கேட்கவில்லை. அந்த வயதில் பெண்பிள்ளைக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தால் காரணம் எதற்கு?

ஆறு என்றால் மணல் என்றே நான் நினைத்திருந்தேன். அதனால் மாமா எங்களை அணைப்பக்கம் கூட்டிப்போனபோது அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு கோடைமழை பெய்திருந்தது. சுவருக்குப் பின்னால் தண்ணீர் அசையாமல் நின்றது. வானம் முழுவதும் அதற்குள் கிடந்தது. ஒரு கொக்கு நடுவில் நடந்துபோனதை இப்போது நினைத்தால் முழங்கால் ஆழம்கூட இருந்திருக்காது. அன்று எனக்கு அது சமுத்திரம். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சாமியைப் பார்த்ததுபோல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

“மேல ஆத்த மடக்கிட்டான்னு இங்க நாங்க கர்நாடகாக்காரனத் திட்டிகினு கீறோம் மச்சான்” என்று மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அணையை ஒட்டிய மாமாவின் கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் ஒரு சொம்பு மொண்டு நீட்டினார். அப்பா அதை வாங்காமல் என் பக்கம் திரும்பினார்.

“நாக்குல வச்சுப் பாரும்மா. கரிக்குதா?”

அப்போதுதான் நான் வந்த காரணம் புரிந்தது. கண்ணை மூடி, அப்பா செய்வதுபோலவே நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கு இப்படி ஒரு ருசி உண்டா என்று உடம்பு சிலிர்த்தது. “இனிக்குதுப்பா” என்றேன்.

கொல்லையில் நெல் அவிக்கும் அண்டாவை அடுப்பில் ஏற்றினார்கள். பக்கத்து நிலத்துக்காரர் வந்து, தமிழ்நாட்டுக்காரனுக்கு நம் தண்ணீர் எதற்கு என்று தெலுங்கில் சத்தம் போட்டார். மாமா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். அன்று மாமாவின் வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாயவில்லை. அண்டாவில் சோப்பு பொங்கிப் பொங்கி நுரைத்தது. சாயத்திலிருந்து நூலைத் தூக்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. ஒரு திட்டு இல்லை. அப்பா அதை வெயிலில் பிடித்துக்கொண்டு, பிழைத்தோம் என்று வாய்விட்டே சொன்னார்.

கிளம்பும்போது அத்தை ஒரு சொம்பை நீட்டினாள். அப்பா தயங்கினார்.

“தண்ணி இல்லடா, மோரு.”

அதில் முக்கால்வாசி கிணற்றுத் தண்ணீர் என்பது கொட்டகையில் நின்ற மாட்டுக்குக்கூடத் தெரியும். அப்பா ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார். அந்தத் தீபாவளிக்கு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

ஆனால் அப்பா வாயை அடக்கவில்லை. எந்த விசேஷத்தில் மாமாவைப் பார்த்தாலும், நாலு பேர் கேட்க, எங்கள் ஆற்றுத் தண்ணீரை எப்போது விடுவீர்கள் என்பார். மாமா தலையைக் குனிந்து சிரிப்பார்.

வளர்ந்து, ஒருமுறை படவேட்டில் ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு ஆற்றோரம் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆறு ஜவ்வாது மலையில் பிறந்து, படவேடு வழியாக ஆரணிக்கு வருவது. ஆந்திர எல்லையை அது கண்டதே இல்லை. பாலாற்றோடு அது சேருவதும் எங்கள் ஊரைத் தாண்டிப் போன பிறகுதான். அந்த அணையை உடைத்தே போட்டிருந்தாலும் எங்களுக்கு ஒரு சொட்டு வந்திருக்காது. எங்கள் தண்ணீரை நாங்களேதான் ஒருவரைவிட ஒருவர் ஆழமாகத் துளைத்து உறிஞ்சித் தீர்த்திருந்தோம்.

ஆடிக்கு ஆடி படவேட்டுக்குப் போய்வந்த அப்பாவுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? எங்கள் ஊரில் பெண் எடுத்த மாமாவுக்கும் நன்றாகவே தெரியும். எந்தப் பந்தியிலாவது அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அப்பாவுக்கு அத்தனை பேர் நடுவில் தலை தொங்கிப் போயிருக்கும். சாகும்வரை மாமா அதைச் சொல்லவே இல்லை. அவர் தலைகுனிந்து சிரித்தபோதெல்லாம், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன்.