சுவிஸ் சாமியார் ஓட்டிய பரிசல்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பேனாவை விட்டுத் துடுப்பைப் பிடித்தவன் நான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் காவிரியில் பரிசல் ஓட்டினேன். என் கல்யாணம் அக்கரையில், பெண் ஊர் மாதா கோயிலில். சொந்தக்காரர்களை நானே நான்கு நடையில் கொண்டுபோய் விட்டேன். கடைசி நடையில், பூசை வைக்கச் சேலத்திலிருந்து வந்த சாமியாரும் நானும் மட்டும்.

எனக்கு ஒரே கவலை. பெண் பார்க்கப் போனபோது நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமுங்களா?" என்று மாமனார் என் சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறார். கல்யாணத்தன்றும் வாயைத் திறக்காவிட்டால் பெண் கிடையாது என்று பாதி விளையாட்டாகச் சொன்னாராம். மற்றப் பாதியை நினைத்துத்தான் பயம்.

சாமியார் சுவிட்சர்லாந்துக்காரர். பரிசலில் ஏறியதும் தம் ஊர் ஏரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சுற்றிலும் பனிமலை, அது தண்ணீரில் தலைகீழாகத் தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக் கப்பல் ஒன்று வாத்தியம் முழங்க, ஒவ்வொரு துறையிலும் மணியடித்து நின்று போகுமாம். சீட்டு வாங்க முடியாதவர்கள் சின்னப் படகில் பின்னாலேயே போய்ப் பாட்டுக் கேட்பார்களாம். அவரும் அப்படிப் போனவர்தான்.

நடு ஆற்றில் துடுப்பைக் கேட்டார். சாமியாரிடம் எப்படி மறுப்பது? கொடுத்துவிட்டேன். போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் ஊரில் அப்படித்தான் ஓட்டுவார்களாம். வட்டப் பரிசலுக்கு முன்னேது, பின்னேது? ஒரே பக்கமாக அவர் வலிக்க, அது செக்கு மாதிரிச் சுற்றியது. மலை, தென்னை, மாமனார், மறுபடியும் மலை. சாமியார் சந்தோஷமாக வலித்துக்கொண்டே இருந்தார். பரிசல் துறையைத் தாண்டி இறங்கியது. கரையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"சாமி, துடுப்பக் குடுங்க. என்ற கல்யாணம் போயிருமுங்க" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது அன்றுதான் தெரிந்தது.

துறைக்குக் கீழே ஒரு வயல் தூரம் தள்ளிக் கரை சேர்ந்தோம். மாமனார் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பரிசலைப் பிடித்தார். "பேச்சு நல்லாத்தான் வருதுங்க. இறங்குங்க மாப்பிள்ளை."

கோயிலில் சம்மதமா என்று கேட்டபோது பழைய சன்னக் குரலே வந்தது. "ஆற்றில் கேட்டது, இங்கே கேட்கவில்லையே" என்றார் சாமியார். முக்காட்டுக்குள் பெண் சிரிப்பது தெரிந்தது. இரண்டாம் தடவை பலமாகச் சொன்னேன்.

ஊர் திரும்பிய சாமியார் ஏரிப் படம் போட்ட அட்டை அனுப்பினார். பரிசல் சுற்றிய கதையை அங்கே யாரும் நம்பவில்லையாம். நான் சாட்சி எழுதி அனுப்பினால் அவர்கள் பாஷையில் தாமே படித்துக் காட்டுவாராம். அட்டை வந்து மூன்று வருஷமாகிறது; இன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

1969 மே 11, ஞாயிற்றுக்கிழமை.