அலுமாரிக்குள் இருந்த பில்டர்

என்னைப் பெற்ற ஐயா தென்னிலங்கையில் கடை வைத்திருந்தவர். வயது போனதும் கடையை என் அண்ணையிடம் விட்டுவிட்டு எங்கள் தீவுப்பக்கத்து ஊரான கரம்பொன்னுக்குத் திரும்பினார், காரையும் கொண்டுவந்தார். எழுபதுகளில் காருக்கு வெளிநாட்டுச் சாமான் லேசில் கிடைக்காது. அண்ணை எங்கேயோ தேடிப் பிடித்துப் தூசு துருவை வடிக்கிற புதுப் பெற்றோல் பில்டர் ஒன்று அனுப்பியிருந்தார். ஐயா அதைப் பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

காரை ஓட்டுவது என் கணவர். பெற்றோலைப் பீப்பாவில் வாங்கி வைத்து ஊற்றுவோம்; பீப்பாவின் துருவெல்லாம் காருக்குள்தான் போகும். நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மாதங்களில் கார் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. வேகம் எடுக்கப் போனால் விக்கி விக்கி இழுத்தது.

"மாமா, பில்டர் அடைச்சுப்போச்சு. இனி மாத்தத்தான் வேணும்," என்றார் இவர்.

"ஓடுதுதானே தம்பி. கழட்டிக் கழுவிப்போட்டுத் திரும்பப் பூட்டும். புதுசை இப்ப போட்டா, பிறகு எங்கை போய்த் தேடுறது?"

"கழுவிக் கழுவி அது கிழிஞ்சுபோச்சு, மாமா."

"கார் நிண்டால் பாப்பம்."

மருமகன் மாமனாரோடு அதற்குமேல் வாதாட ஏலாது. நானாவது ஐயாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டாலும் தந்திருக்க மாட்டார்.

ஒரு மத்தியானம் வலி கண்டது. முதல் பிள்ளை. குறுக்கே கிடக்கிறது, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்று மருத்துவிச்சி சொன்னா. பின் சீற்றில் அம்மா என் தலையை மடியில் வைத்திருந்தா. ஐயா முன்னுக்கு. மண்கும்பான் தாண்டும்போதே கார் விக்கத் தொடங்கியது. பண்ணைப் பாலத்தில், இரண்டு பக்கமும் கடல், நடுவில் நின்றுபோனது.

இவர் இறங்கி, பில்டரைக் கழற்றி வாயால் ஊதினார். கொஞ்சத் தூரம் ஓடி மறுபடி நின்றது. மறுபடி ஊதினார். வாயெல்லாம் பெற்றோல், இருமிக்கொண்டே அழுதார். ஐயா வெளியில் நின்று, "மெல்ல மிதியும், மெல்ல மிதியும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸை அம்மாதான் றோட்டில் கையை விரித்து நின்று மறித்தா. ஆட்கள் எழும்பி இடம் தந்தார்கள். பஸ் நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கே போனது.

பிள்ளை ஆண். அழவில்லை.

முந்தி வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று இவர் டொக்டரிடம் கேட்டாராம். "சொல்ல ஏலாது," என்றாராம் அவர். அந்தச் சொல்லை ஐயா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "டொக்டரே சொல்லிப்போட்டார், காரிலை பிழையில்லை," என்றார்.

நான் வீட்டுக்கு வந்தபோது கார் முற்றத்தில் நின்றது. புது பில்டர் போட்டாயிற்று. ஐயா தானே ஏறியிருந்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்.

"இப்ப பார் பிள்ளை, ஒரு விக்கலும் இல்லை."

பால் கட்டி எனக்கு நெஞ்சு கல்லாய் இருந்தது. உள்ளே போனேன். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை சோறு போட்டேன், மருந்து கொடுத்தேன், பாயில் கிடந்தபோது துடைத்துவிட்டேன். அவரோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை.