நடுங்கும் கை

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன் பேசவே கூசுகிறவன் எழுதத் துணிந்ததற்கு மன்னிக்க வேண்டும்.

எழுபதுகளில் என் அத்தான் தூத்துக்குடியில் சங்கு குளித்தார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைத் தோணியில் நான் பிடித்திருப்பேன். கீழிருந்து அசைத்ததும் தூக்க வேண்டும். மனைவியின் தம்பியிடம்தான் கயிற்றைக் கொடுப்பார்கள். அக்காள் தாலியறுக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை.

எனக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம். அத்தான் முங்கியதும் கை நடுங்கும்.

"ஏலே, முங்குனது அவனா, நீயா?" என்று தோணியே சிரிக்கும்.

அது பொறுக்காமல் தோணி ஏறுமுன் கொஞ்சம் சாராயம் குடிக்க ஆரம்பித்தேன். நடுக்கம் நின்றது. சீக்கிரமே அது இல்லாமல் ஏற முடியவில்லை.

ஒரு நாள் வெயில் இதமாக இருந்தது. மனதில் ஒரு கவலையும் இல்லை.

"ஏலே, கயிறு ஆடுது!" என்று பக்கத்திலிருந்தவர் கத்திக்கொண்டே பிடுங்கி இழுத்தார். என் கைக்குத் தெரியவேயில்லை.

அத்தான் மூக்கில் ரத்தத்தோடு வந்தார். வெகுநேரம் இருமினார். என் வாய் நெடி அவருக்கு எட்டியிருக்க வேண்டும்.

"ஒன் தைரியத்த நம்பியாலே கயித்தக் கொடுத்தேன்? ஒன் பயத்த நம்பியில்லா கொடுத்தேன்!"

வியாதி என்று நினைத்து அந்தப் பயத்துக்குத்தான் நான் மருந்து குடித்திருந்தேன். இன்றும் அந்த நெடி பட்டால் நாக்கு ஊறுகிறது. கூடவே அவர் இருமலும் கேட்கிறது.

மறுநாள் குடிக்காமல் போனேன். அத்தான் என் கையைப் பார்த்தார். நடுங்கியது. கயிற்றைக் கொடுத்துவிட்டு முங்கினார்.